குன்னூர்ப் புத்தகமும் கலோரிக் கணக்கும்

"சார், எந்தக் கம்பெனிகிட்ட உணவு டேட்டா வாங்கலாம்?"

நம் சங்கத்தின் இளைய அன்பர்களில் நாலைந்து பேராவது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். படித்துவிட்டுக் கணினிப் பக்கம் போனவர்கள் பலர் இப்போது ஆரோக்கியம் சம்பந்தமான செயலிகள் செய்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒன்று, எடை குறைக்க ஒன்று, சிறுநீரக நோயாளிக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பட்டியல் வேண்டும். இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து, வாழைப்பழத்தில் எவ்வளவு பொட்டாசியம் என்று சொல்கிற பட்டியல். அதை விற்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் கம்பெனிகள் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டினால் ஏ.பி.ஐ. வழியாக எண்கள் வந்து கொட்டும்.

இந்தக் கம்பெனிதான் நல்லது என்று பெயர் சொல்ல நான் தரகன் இல்லை. ஆனால் இந்த எண்கள் எங்கே பிறந்தன, எப்படி வளர்ந்தன என்ற கதை தெரிந்தால், விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். அந்தக் கதையில் நம்ம ஊர் நீலகிரிக்கும் பெரிய பங்கு உண்டு என்பதால் மலருக்கு இதையே எழுதத் துணிந்தேன்.

முதலில் அமெரிக்கா. வில்பர் அட்வாட்டர் என்றொரு வேதியியல் பேராசிரியர், கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1890-களில் ஆள் உள்ளே இருந்து உண்டு உறங்கக்கூடிய ஒரு அறையைக் கட்டி, உள்ளே இருப்பவர் உடம்பிலிருந்து வெளிவரும் வெப்பத்தை அளந்தார். நாட்கணக்கில் உள்ளேயே இருந்த தொண்டர்களும் உண்டு. புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 கலோரி என்று இன்றைக்கும் பிஸ்கட் பொட்டலத்தில் போடும் கணக்கு அவர் வழி வந்ததுதான். 1896-இல் அவரும் சார்லஸ் வுட்ஸும் அமெரிக்க விவசாயத் துறைக்காக உணவுப் பொருள்களின் வேதியியல் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு உணவுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று மூன்று எண்கள் இருந்தன. இன்றைய செயலிகளில் வருவது பெரும்பாலும் ஒரே எண். மாம்பழம் என்றால் பங்கனப்பள்ளியும் நீலமும் ஒன்றுதான் போலிருக்கிறது!

அட்வாட்டர் காலத்து முறையில் ஒரு சங்கடம் இருந்தது. நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் நான்கையும் அளந்து, கூட்டி, நூறிலிருந்து கழிப்பார்கள். மிச்சம் இருப்பதெல்லாம் மாவுச்சத்து. மளிகைக் கணக்கில் மிச்சத்தைச் 'சில்லறைச் செலவு' என்று எழுதுவோமே, அந்த மாதிரி. மற்ற நான்கில் நடந்த பிழைகளும் நார்ச்சத்தும் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சர்க்கரை நோயாளிக்கு இது போதவில்லை. 1920-களில் இன்சுலின் புதிதாக வந்திருந்த நேரம். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஆர்.டி. லாரன்ஸ் என்ற டாக்டர், தானே சர்க்கரை நோயாளி, இன்சுலினால் உயிர் பிழைத்தவர். அவரும் ராபர்ட் மெக்கான்ஸும் சேர்ந்து, உடம்பு உண்மையில் ஜீரணித்து எடுத்துக்கொள்ளும் மாவுச்சத்து எவ்வளவு என்று நேரடியாக அளந்து 1929-இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கழித்து வந்த மிச்சத்துக்கு பதிலாக அளந்து வந்த எண்.

இங்கே ஒரு அருமையான சம்பவம். 1933-இல் எல்ஸி விட்டோசன் என்ற இளம் பெண், ஆப்பிளில் உள்ள சர்க்கரைகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர், உணவுமுறை பற்றிப் படிக்க அதே மருத்துவமனைக்கு வந்தார். மெக்கான்ஸ் அங்கே சமையல்கூடத்தில் இறைச்சியை வேகவைத்தால் என்னென்ன சத்து போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் அவரிடம் போய், "பழங்களுக்கு நீங்கள் போட்டிருக்கும் மாவுச்சத்து எண்கள் குறைவு, அமிலத்தில் காய்ச்சும்போது பழச்சர்க்கரையில் கொஞ்சம் அழிந்துபோகிறது" என்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டார். நம் ஊர்ப் பெரிய டாக்டராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெக்கான்ஸ் கோபப்படவில்லை. அவருக்கு ஆராய்ச்சி நிதி வாங்கிக் கொடுத்து, கூடவே சேர்த்துக்கொண்டார். இருவரும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். 1940-இல் அவர்கள் வெளியிட்ட உணவுப் பட்டியல்தான் இன்றுவரை பிரிட்டனின் ஆதார நூல். மெக்கான்ஸ் 1993-இலும் விட்டோசன் 2000-இலும் மறைந்தார்கள்.

இதெல்லாம் பழங்கதைதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்கப் பொட்டலத்தில் 'மொத்த மாவுச்சத்து' என்றால் நார்ச்சத்தும் அதற்குள் அடக்கம். பிரிட்டிஷ், ஐரோப்பியப் பொட்டலத்தில் 'மாவுச்சத்து' என்றால் நார்ச்சத்து தனி. அட்வாட்டர் கட்சி, மெக்கான்ஸ் கட்சி என்று உலகம் இன்னும் பிரிந்தே கிடக்கிறது. வேகவைத்த கறுப்பு பீன்ஸ் 100 கிராமில் அமெரிக்கப் பட்டியல்படி மாவுச்சத்து 23.7 கிராம், அதில் 8.7 நார். அதாவது உடம்புக்கு வருவது 15 கிராம்தான். ஒருவர் 200 கிராம் சாப்பிட்டால் இரண்டு கணக்குக்கும் 17 கிராமுக்கு மேல் வித்தியாசம். 10 கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருக்கும் நோயாளிக்கு இது ஒன்றரை யூனிட்டைத் தாண்டிவிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இந்தத் தப்பு நடந்தால், நடு இரவில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, வீட்டார் எழுந்து பார்க்கவில்லையானால் விபரீதம். ரெண்டு நாட்டுப் பட்டியலையும் கலந்து, 'கார்ப்' என்று ஒரே தலைப்பின் கீழ் போட்டு விற்கிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1984-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 'இன்ஃபுட்ஸ்' என்ற உலக அமைப்பு தொடங்கியது. ஒவ்வொரு சத்துக்கும் ஒரு குறியீடு கொடுத்தார்கள். கழித்து வந்த மாவுச்சத்துக்கு ஒன்று, நார் நீக்கிய மாவுச்சத்துக்கு வேறொன்று. விற்பவரிடம் "உங்கள் மாவுச்சத்து எந்த இன்ஃபுட்ஸ் குறியீடு?" என்று கேளுங்கள். அவர் முழித்தால், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறை. அதில் ராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவர் 'பெரிபெரி விசாரணை' என்ற பெயரில் ஆராய்ச்சி ஆரம்பித்தார். கை கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் கெட்டுச் சாகிற நோய் அது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த பகுதிகளில் அதிகம். புழுங்கல் அரிசி சாப்பிட்ட இடங்களில் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்காமலேயே நெல் அவித்தார்கள்.

மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளைப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியுமாக சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் நின்றவை மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள்! இதைச் சொன்னால் இப்போதும் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. ரசம் சாதத்தைக் குறை சொல்லலாமா? ஆனால் எலிக்கு மாநிலப் பற்று கிடையாது.

அந்த ஒற்றை அறை வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. மெக்காரிசனுக்குப் பிறகு 1935-இல் டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் இயக்குநரானார். இந்தியர் சாப்பிடும் பொருள்களை எடுத்து, அரைத்து, எரித்து, அளந்து 1937-இல் 'ஹெல்த் புல்லட்டின் 23' என்ற எண் தாங்கிய சிறு நூலாக வெளியிட்டார்கள். நம் நாட்டு உணவுக்கு முதல் முறையான பட்டியல் அதுதான். கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் அதன் பக்கங்களில் எண்ணாக மாறின. அய்க்ராய்ட் பிற்பாடு எஃப்.ஏ.ஓ.வின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகப் போனார்.

ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயரும் மாறியது. சேலத்தில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன் அதன் தலைமையில் இருந்தபோது, அவரும் ராம சாஸ்திரியும் பாலசுப்பிரமணியனும் சேர்ந்து 1971-இல் 'இந்திய உணவுகளின் சத்து மதிப்பு' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். மனையியல் படித்த நம் கல்லூரிச் சகோதரிகளுக்கு அந்தப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பரீட்சைக்கு உணவுத் திட்டம் போட அதுவே வேதம். 1989-இல் திருத்திய பதிப்பு வந்தது. பிறகு 2017-இல் லோங்வாவும் அவருடைய குழுவும் நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, புதிதாக மாதிரிகள் திரட்டி, 528 உணவுகளில் 151 கூறுகளை அளந்து புதிய பட்டியல் வெளியிட்டார்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். நெல்லிக்காய் 100 கிராமில் சி வைட்டமின் 600 மில்லிகிராம் என்பது பழைய புத்தகம். மேடைக்கு மேடை சொல்லி நாடே மனப்பாடம் செய்த எண். புதிய பட்டியலில் 252. அவலில் இரும்பு 20 மில்லிகிராம் என்றிருந்தது. புதியதில் ஐந்துக்கும் கீழே. பாலக் கீரையில் 1971 புத்தகப்படி 10.9, திருத்திய பதிப்பில் 1.14, 2017-இல் 3-க்குச் சற்றுக் குறைவு. ஒரே கீரை, மூன்று எண்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. ரகம் வேறு, மண் வேறு, அளக்கும் முறை வேறு. அதிலும் இரும்பு பொல்லாதது. கீரையில் ஒட்டிய மண்ணும், அவல் இடிக்கிற இயந்திரமும், அரைக்கிற பாத்திரமும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் இரும்பைச் சேர்த்துவிடும். ஆனால் இரத்தசோகை உள்ள கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு செயலி பழைய எண்ணை வைத்துக்கொண்டு "இன்றைக்கு வேண்டிய இரும்பு கிடைத்துவிட்டது" என்று பச்சை விளக்குக் காட்டினால்? அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிடலாம். கீரைக் கட்டில் இல்லாத இரும்பு கைபேசியில் மட்டும் இருந்து என்ன பயன்?

கீரை இரும்பைப் பற்றி இன்னொரு வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தவறாக வைத்ததால்தான் பசலைக்கீரைக்குப் பத்து மடங்கு இரும்பு என்ற பெயர் வந்தது என்று நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 1981-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்து பரவிய கதை அது. பின்னால் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தசமப் புள்ளிப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. மூலம் தெரியாத எண்களைக் கண்டித்துச் சொல்லப்பட்ட கதைக்கே மூலம் இல்லை!

சில சமயம் பொருளும் மாறாது, அளவையும் மாறாது, வாய்ப்பாடு மட்டும் மாறும். முருங்கைக்கீரையின் கரோட்டினை ஏ வைட்டமினாக மாற்ற முன்பு ஆறால் வகுத்தார்கள். 2001-இல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு 12-ஆல் வகுக்கச் சொன்னது. ஒரே நாளில் கீரையின் ஏ வைட்டமின் பாதியாகிவிட்டது. பட்டியலில் எந்த வாய்ப்பாடு என்று எழுதியிருக்க வேண்டும்.

2017 பட்டியலைக் கணினியில் ஏற்றும் தம்பிகளுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. அதில் சக்தி கிலோஜூலில் இருக்கிறது. பச்சரிசிக்கு 1491 என்று பார்த்து மிரள வேண்டாம், 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி. பழைய புத்தகத்தில் 345. இன்னொன்று: பழைய புத்தகத்தில் கேழ்வரகுக்கு மாவுச்சத்து 72, நார் 3.6. புதியதில் மாவுச்சத்து 67-க்குச் சற்றுக் குறைவு, நார் 11-க்கு மேல். பழைய முறையில் அளந்த 'கச்சா நார்' உண்மையான நார்ச்சத்தில் ஒரு பகுதிதான். இரண்டு புத்தகங்களையும் ஒட்டுப் போட்டுத் தைத்த பட்டியல் எத்தனை அழகான திரையில் வந்தாலும் ஒட்டுத் துணிதான்.

அதோடு இந்தப் பட்டியல்களில் இருப்பவை பெரும்பாலும் பச்சைப் பொருள்கள். நாம் அரிசியையா சாப்பிடுகிறோம்? சோறல்லவா சாப்பிடுகிறோம். அரிசிக்கு 350 என்றால் அதே எடைச் சோற்றுக்கு 130 சொச்சம், தண்ணீர் ஏறிவிட்டது. வரிசை மாற்றித் தேர்ந்தெடுத்தால் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகும். சாம்பாருக்கோ, ஆய்வுக்கூட எண் என்று ஒன்றை எதிர்பார்க்கவே முடியாது. எங்கள் வீட்டுச் சாம்பாரும் அடுத்த வீட்டுச் சாம்பாரும் ஒன்றாகுமா? செய்முறையை எழுதி, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வெந்த பிறகு மொத்த எடை எவ்வளவு, கொதியில் எந்த வைட்டமின் எவ்வளவு அழிந்தது என்று கணக்கிட வேண்டும். நம் நாட்டுச் சாப்பாட்டை விற்கும் கம்பெனியிடம் அந்தச் செய்முறையைக் காட்டச் சொல்லுங்கள். 'ஒரு கரண்டி' என்றால் எத்தனை கிராம் என்றும் கேளுங்கள்.

அமெரிக்க விவசாயத் துறையின் பட்டியல் இன்றைக்கு இணையத்தில் இலவசம். எடுத்து விற்கவும் தடை இல்லை. பல கம்பெனிகள் அதையே பொட்டலம் கட்டி விற்கின்றன, அதில் தவறில்லை. ஆனால் 2019-இல் தொடங்கிய 'ஃபுட் டேட்டா சென்ட்ரல்' என்ற அந்தக் களஞ்சியத்தில் பல அறைகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளந்தவை ஒரு அறை. 2018-இல் கடைசியாக வெளிவந்து அப்படியே நிறுத்தி வைக்கப்பட்ட பழைய பட்டியல் ஒரு அறை. கம்பெனிகள் தங்கள் பொட்டலத்தில் அச்சடித்ததை அப்படியே தந்தது இன்னொரு அறை. கடைசி அறையில் இருப்பது அளவை இல்லை, லேபிள். லேபிளில் ஐந்து கலோரிக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று போட அமெரிக்கச் சட்டமே இடம் தருகிறது.

பூஜ்யம் என்றதும் மிக முக்கியமான விஷயம் ஞாபகம் வருகிறது. விட்டோசன் வழி வந்த பிரிட்டிஷ் பட்டியலில் சில இடங்களில் 'என்' என்று ஒரு எழுத்து இருக்கும். இந்தச் சத்து இதில் கணிசமாக உண்டு, ஆனால் நம்பகமான அளவு கிடைக்கவில்லை என்று பொருள். எத்தனை நேர்மையான எழுத்து! கணினிக்கு அந்த நேர்மை புரியாது. எண் இல்லாத இடத்தை நிரலாளர் பூஜ்யமாக்கிவிடுவார். சிறுநீரகம் பழுதான நோயாளிக்குப் பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. லேபிளில் பொட்டாசியம் போடாத தக்காளி சூப்புக்கு செயலி '0' என்று காட்டினால், அவர் நிம்மதியாக இரண்டு கிண்ணம் குடிப்பார். வாங்குவதற்கு முன் ஒரு மாதிரிக் கோப்பு வாங்கி, எத்தனை கட்டம் காலி, எத்தனை கட்டம் உண்மையான பூஜ்யம் என்று எண்ணிப் பாருங்கள். விலைப் பட்டியலைவிட அது அதிகம் சொல்லும்.

பொதுமக்களே எழுதிச் சேர்க்கும் பட்டியல்களும் உண்டு. 2005-இல் தொடங்கிய 'மைஃபிட்னஸ்பால்' அப்படித்தான் பெருகியது. 2012-இல் பிரான்ஸில் தொடங்கிய 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' தொண்டர்களின் உழைப்பு. பார்கோடு தேட உதவும். மருந்தளவு கணக்கிடத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பின்னதை எடுத்து உங்கள் பட்டியலோடு கலந்து வெளியிட்டால், கலந்ததையும் அதே திறந்த உரிமத்தில் தர வேண்டிய நிபந்தனை வரலாம், வக்கீலிடம் காட்டுங்கள். நம் தேசிய நிறுவனத்தின் புத்தகமும் அரசுப் புத்தகம்தானே என்று எடுத்து விற்க முடியாது. உங்களுக்கு விற்பவர் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிகள் கைமாறுவதையும் யோசிக்க வேண்டும். மைஃபிட்னஸ்பாலையே 2015-இல் ஒரு உடுப்புக் கம்பெனி 47.5 கோடி டாலருக்கு வாங்கி, 2020-இல் 34.5 கோடிக்கு விற்றது. உங்களுக்கு டேட்டா தருகிறவர் கைமாறினால் ஏற்கனவே வாங்கிய எண்களை வைத்துக்கொள்ளலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். யாராவது இந்திய உணவு டேட்டா என்று கொண்டுவந்து காட்டினால் முதலில் நெல்லிக்காயைத் தேடுவேன். 600 என்றிருந்தால் பழைய புத்தகம். 252 என்றிருந்தால் 2017. இரண்டும் இல்லாமல் வேறு எண் இருந்தால், "எந்த ஆய்வுக்கூடம், எந்த வருஷம், எத்தனை மாதிரி?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். அடுத்தது அவல்.